ஐந்தாவது கரண்டி

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி அடுத்த மாதம் கைக்குழந்தையோடு வெளிநாடு போகிறாள். நீ போய்விட்டு வந்தவள்தானே, போகிற இடத்தில் பால் பவுடர் கலக்குவதைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடு என்று கேட்டாள். எங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் செய்முறைத் தாள் உண்டு. தராசைத் துடைப்பதற்கு ஒன்று, துடைத்த துணியைத் துவைப்பதற்கு ஒன்று. அந்தப் பழக்கத்தில் கடகடவென்று எழுதினேன்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடாதே. பவுடரில் கிருமி இருந்தால் அது சாகிற அளவுக்குச் சூடு இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். நூற்றைம்பது மில்லிக்கு ஐந்து கரண்டி. அந்த டப்பாவுக்குள் இருந்த கரண்டி மட்டும். வேறு டப்பாக் கரண்டியைத் தொடாதே. அழுத்தாதே, குவிக்காதே, தலைதட்டிப் போடு. குலுக்கு. குழாய்த் தண்ணீரில் புட்டியைக் காட்டி ஆற்று. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். குடித்தது போக மிச்சத்தைக் கொட்டு, பாவம் பார்க்காதே.

எல்லாம் சரி. "கரண்டியை எண்ணு" என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எப்படி எண்ண வேண்டும் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் ஒரு சுவர் வரும், வெல்டர் வருவான், என் கோபம் வரும். செய்முறைத் தாளில் கோபத்துக்கு இடம் கிடையாது. ஆகவே கதை.

[ஒரு விஷயம். ஏன் புட்டிப்பால், தாய்ப்பால் கொடுக்கக் கூடாதா என்று இந்நேரம் உங்களில் ஒருவர் கேட்டிருப்பார். பஸ்ஸில் கேட்டார்கள். லிஃப்டில் கேட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது கேட்டார்கள். பதில் சொல்ல மாட்டேன். கேட்டவர் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "விமானத்தின் சன்னலுக்கு வெளியே மேகங்கள் பஞ்சுப் பொதிகளாக மிதந்துகொண்டிருக்க, அவள் தன் கடந்த காலத்தை..."

பொய். மேகத்தை நான் பார்க்கவேயில்லை. தோளில் கக்கியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது: "அவள் பட்டதாரி. அவன் வெல்டர்."

உண்மைதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கணவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு வெல்டிங் கற்றுக்கொண்டவன். ஆனால் இப்படி ஆரம்பித்தால் மிச்சத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்: அவனுக்குத் தாழ்வு மனப்பான்மை, இவளுக்குத் திமிர், கடைசியில் கன்னத்தில் ஒரு அறை. அந்தக் கதை ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் திமிர் மட்டும் உண்டு. அது என்னுடையது. அவனுக்கு அது பிடிக்கும்.

(இங்கே எனக்கே ஒரு சந்தேகம். மனைவியை வேலைக்காக வெளிநாடு அனுப்புகிறார்கள் என்றதும் லீவு போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிற ஆணை நீங்கள் நம்புவீர்களா? ஒரு குறை கொடுத்தால் நம்புவீர்கள். கற்பனையே தேவையில்லை, இருக்கிறது: நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவனுக்கு உயிர் போய்விடும். புதுச் செருப்பு கடித்தால் கடையில் மாற்றிக் கேட்க மாட்டான். நொண்டுவான்.)

எண்ணுகிற விஷயம் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் எடை போட்டால் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போடுகிறவர் அளவை வாய்விட்டுச் சொல்வார். நிற்கிறவர் திருப்பிச் சொல்வார். இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். நிற்கிறவருக்குச் சாட்சி என்று பெயர். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் ஒரே விதி: கொட்டிவிட்டு முதலிலிருந்து.

குழந்தை பிறந்த புதிதில், தூக்கம் கெட்டுக் கிடந்த ஒரு மத்தியானம், மூன்று கரண்டி போட்டேனா நாலா என்று தெரியாமல் ஒரு புட்டியைக் கொட்டினேன். அடுத்ததையும் கொட்டினேன். மூன்றாவதைக் கொட்டிவிட்டுச் சமையல்மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வெல்டர் வந்து நின்றான்.

"நீ போடு. சாட்சி நான்."

அன்று முதல் நான் ஒண்ணு என்றால் அவனும் ஒண்ணு என்பான். வெளியே பூனை, ஆனால் வீட்டுக்குள் அவன் தொண்டை வேறு. இரும்பு அறுக்கும் மிஷினை மீறிப் பேசிப் பழகியது. அஞ்சு மட்டும் இருவரும் சேர்ந்து சொல்வோம். அதற்குள் தொட்டிலில் இரண்டு கால்களும் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிடும். குழந்தைக்கு முதலாளி என்று பட்டம் கொடுத்தது அப்போதுதான். இரண்டு ஆள் வேலை பார்க்க, படுத்தபடியே மேற்பார்வை.

3

விடுதி அறையில் சின்ன மேசை. அதன் மேல் கெட்டில், வெள்ளைத் துண்டு விரித்துக் கழுவிய புட்டிகள் தலைகீழாக. முதலாளிக்கு அப்போது ஐந்து மாதம். போய் இறங்கிய காலை, தண்ணீரை ஊற்றி, ஒண்ணு என்றேன். ஒண்ணு என்றான். ரெண்டு, ரெண்டு. மூணு என்று அவன் திருப்பிச் சொன்னதும் அடுத்த அறையிலிருந்து சுவரில் தட்டினார்கள். டக், டக், டக்.

வெல்டரின் முகம் செத்துவிட்டது. உதட்டில் விரலை வைத்தான். நாலையும் அஞ்சையும் விரலால் காட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு எல்லா வேளையும் விரல்தான்.

நானும்தான் காட்டினேன். (இந்த வரியை மூன்று தடவை அடித்தேன். இருந்து தொலையட்டும்.) பஸ்ஸில் இடித்தவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டவள் நான். முகம் தெரியாத ஒருவர் சுவரைத் தட்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளி இருபது மில்லி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வேளை பதினைந்து. அதற்கடுத்த வேளை நிப்பிளை நாக்காலேயே தள்ளிவிட்டாள்.

தண்ணீரை மாற்றினேன். நிப்பிளை மாற்றினேன். கெட்டிலை நாலு முறை கொதிக்க வைத்துக் கொட்டினேன். பவுடர் மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோன அதே டப்பா, அதே கரண்டி. தாளில் கட்டம் போட்டு எது மாறியது, எது மாறவில்லை என்று எழுதினேன். பதினொரு கட்டம். எங்கள் சத்தத்துக்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

பிற்பகல் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் இல்லை, வாயும் வயிறும் சரியாக இருக்கின்றன என்றார். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். நாளை மதியத்துக்குள் ஒரு புட்டியாவது ஒழுங்காகக் குடிக்காவிட்டால் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், டிரிப் போட வேண்டியிருக்கும் என்றார்.

நாளை பதினோரு மணிக்குத்தான், நான் இரண்டு வருஷம் உழைத்து உருவாக்கிய சோதனை முறையை அந்த ஊர் ஆய்வகத்தின் மாடியில் செய்து காட்ட வேண்டும். அதற்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். (அந்தச் சோதனையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. நீங்கள் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.) இவள் குடிக்காமல் நான் மாடி ஏற மாட்டேன் என்று வெல்டரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை டப்பா, புட்டி, முதலாளி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினான்.

4

[இது நாலா, மூன்றா? மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலுதான்.]

அந்த ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், ஊழியர்கள் காப்பி கலந்துகொள்ள ஒரு சின்ன அறை. ஒரு குழாய், ஒரு கெட்டில், கோப்பை அடுக்கு. சாம்பல் நிற ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பத்தேகால். முதலாளியின் அழுகையில் தெம்பில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மூன்றாவது கரண்டி போடுகிறபோது அழுகை கேட்டுக் கோட்டுப் போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையில் கூட்டம் நடக்கிறது என்று சைகை காட்டி, உதட்டில் விரலை வைத்தார். அவரை நான் பார்த்த அந்த நேரத்தில் என் கை இன்னொரு கரண்டி போட்டதா, இல்லையா? வெல்டரைப் பார்த்தேன். அவன் மூன்று விரலை மடக்கிக் காட்டினான். நாலாவதையும் மடக்கினான். பிறகு அதை நிமிர்த்தினான்.

கொட்டினேன்.

"நீங்க" என்று ஆரம்பித்தேன். நான் அவனை நீங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். "நீங்க சாட்சியா, செலையா? எங்க பரம்பரையிலயே மொதல்ல பிளேன் ஏறுனவ நான். ஏறி வந்து இங்க வெரல் விட்டு எண்ணிட்டு நிக்கிறேன். வாயத் தொறந்து சொல்லுங்க."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எண்ணத் தெரிஞ்ச குடும்பம்னு நெனச்சுக்கட்டும்."

புதுத் தண்ணீர் ஊற்றினேன். ஒண்ணு என்றேன். தொண்டையில் முள் மாட்டியவன் மாதிரி ஒண்ணு என்றான். ரெண்டுக்கு முள் இறங்கிவிட்டது. அடுக்கில் கோப்பைகள் அதிர்ந்தன. மூணு என்றபோது முதலாளியின் அழுகை நடுவிலேயே அறுந்தது. திறந்த வாயை மூடாமல் அவன் தாடையையே பார்த்தாள்.

கோட்டுக்காரர் மறுபடி வந்தார். ஏப்ரன் அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வாசலை அடைத்தாற்போல் நின்றார். நான் நாலு என்றேன். வெல்டர் நாலு என்றான்.

"நாலு" என்றார் ஏப்ரன் அம்மா. எங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர். கையெழுத்தும் போட்டுவிடுவார் போலிருந்தது.

முதலாளியின் இடது கால் அசைந்தது. பிறகு வலது.

கரண்டியில் ஐந்தாவது. தலைதட்டியாயிற்று. புட்டிக்கு மேலே என் கை நிற்கிறது.

5

இங்கே ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: குழந்தை குடித்தது, அவள் மாடி ஏறினாள், கைதட்டல். என் மேலதிகாரிக்குப் பிடிக்கும். குலுக்கிய புட்டியைக் குழாயில் ஆற்ற நாலு நிமிடம் ஆகும் என்பதை இந்த முடிவு மறந்துவிட்டது. தெம்பு திரும்பிய முதலாளி அந்த நாலு நிமிடமும் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் கூட்டமே கலைந்து வாசலுக்கு வந்து நின்றது. நான் செய்து காட்டுவதைப் பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இரண்டாவது முடிவு: சாயங்காலம் விடுதிக்குத் திரும்புகிறோம். அடுத்த அறைக் கதவு திறந்து கிடக்கிறது. ஆள் தங்காத அறை. தச்சர் ஒருவர் கட்டிலின் தலைப்பலகையைச் சுவரோடு வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார். டக், டக், டக். வெல்டர் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பதினஞ்சு வருஷமா சுத்தியலோட குடும்பம் நடத்துறேன். அந்தச் சத்தம் எனக்கே தெரியல பாரு."

சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் எங்களை வாயை மூடச் சொல்லவில்லை. நாங்களாக மூடிக்கொண்டோம். இதோடு முடித்தால் கதைக்கு ஒரு நீதி வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு நீதி ஆகாது. ஆனால் தச்சர் நிஜம்.

மூன்றாவது, ஆய்வகக்காரியின் முடிவு: ஒரு குழந்தை, ஒரு புட்டி, ஒரு காலை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நூற்றைம்பதையும் அவள் ஒரே மூச்சில் குடித்ததற்குப் பசி முற்றியதே காரணமாக இருக்கலாம் என்றுதான் டாக்டரம்மாவும்...

உளறிவிட்டேன். சரி, குடித்தாள். முதலாளிக்கு இப்போது இரண்டு பல். இதை எழுதுகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்து பழைய கரண்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து மேசைக்காரியின் தாளில் அந்த வரியை இப்படி முடித்தேன்: "வாய்விட்டு எண்ணு. பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும்." கொடுத்த பிறகுதான் அவள் தனியாகப் போகிறாள் என்பது நினைவுக்கு வந்தது. யாரைச் சாட்சிக்கு நிறுத்துவேன் என்று கேட்டாள். போகிற இடத்தில் யாராவது கோப்பை துடைத்துக்கொண்டிருப்பார்கள், நீ சத்தமாக ஆரம்பி என்றேன்.

ஆக, முடிவை நான் எழுதப் போவதில்லை. அந்தச் சின்ன அறையில் என் கை இன்னும் புட்டிக்கு மேலேதான் நிற்கிறது. எங்கள் வழக்கப்படி கடைசி எண்ணைச் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். வெல்டர் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான். ஏப்ரன் அம்மா வாசலை விடவில்லை. முதலாளி இரண்டு காலையும் தூக்கிவிட்டாள். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் நீங்கள். மனதுக்குள் முணுமுணுத்தால் செல்லாது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

நாலு போட்டாயிற்று. சொல்லுங்கள், போடுகிறேன்.