தோளில் நான்கு விரல்கள்

வேல்ராஜ் நெஞ்சுவலியில் இறந்து பத்து நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். அதுவரை அவன் மனைவி பிரேமலதா வாசல் தாண்டக் கூடாது என்பதால், அவன் அக்கா சொர்ணத்தாய்தான் இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். வேல்ராஜின் மகள் காவியாவும் ஒட்டிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு. அப்பா படத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று அவள் பார்த்தே ஆகவேண்டுமாம்.

ஸ்டுடியோ வைத்திருந்த மாயகிருஷ்ணன், செல்போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேல்ராஜ் டிராக்டர் ஓட்டியவன். எல்லாப் படத்திலும் தலையில் துண்டு, வெயிலுக்குச் சுருங்கிய முகம்.

“ஆதார் அட்டையில இருக்குமேக்கா?”

“அதுல திருட்டு முழி முழிப்பான். மாட்டுனா, துக்கம் கேக்க வாரவங்க வாசலோட திரும்பிருவாங்க.”

கடைசியில் ஒன்று கிடைத்தது. கயத்தாறில் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. வேல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான். பின்னாலிருந்து காவியா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள்.

மாயகிருஷ்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். காவியா ஸ்டூலில் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். திரையில் முதலில் அவள் முகம் போனது.

“என் மூஞ்சி எங்க மாமா?”

“வெட்டிட்டேன். வலிக்குதா?”

கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். “இல்ல.”

அடுத்து வேல்ராஜுக்கு ஒரு நீலக் கோட்டு வந்தது. காவியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அத்தை, அப்பா பேங்க் மேனேசர் ஆயிட்டாக! இதப் போட்டுக்கிட்டு டிராக்டர்ல எப்படி ஏறுவாக?”

பத்து நாளில் முதல்முறையாகச் சொர்ணத்தாயும் சிரித்துவிட்டாள். கோட்டு போய்ச் சட்டை திரும்பியது. அந்தச் சட்டையின் தோளில், நகப்பூச்சு பாதி உரிந்த நான்கு சின்ன விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

“அந்த விரலை எடுத்திருங்க அண்ணாச்சி.”

“வேண்டாம். அது என்னுது. அப்பாவப் பிடிச்சிருக்கேன்லா” என்றாள் காவியா.

“உசுரோட இருக்க பிள்ளை கை மாலைக்குள்ள இருக்கக் கூடாதுட்டி. ஆகாது.”

“இருந்தா என்ன ஆகும்?”

 சொர்ணத்தாய் காவியாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். “எனக்கு நீ வேணும்ட்டி.”

காவியா சற்று யோசித்தாள். “மாமா, என் விரலுக்கு அடியில என்ன இருக்கு?”

“அது போட்டோவுல தெரியல பாப்பா. அந்தப் பக்கத்துத் தோளை எடுத்து இங்கன ஒட்டுவேன்.”

“எனக்குத் தெரியும். எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும். பிடிச்சுத் தொங்க நல்லா இருக்கும்.”

மாயகிருஷ்ணன் மௌசை நகர்த்தினார். ஒரு விரல் மறைந்தது. அப்புறம் ஒன்று. ஒவ்வொன்று போகும்போதும் காவியா தன் கையில் அந்த விரலை மடக்கினாள். நான்கும் போனபின் கையை முழுசாக விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

“தலை ஒரு பக்கமா இருக்கு. நேராக்கிருதேன்” என்றார் அவர்.

“ஏன் சாய்ஞ்சிருக்காக?”

“நீ தொங்குனேல்லா. அந்தக் கனம்.”

காவியா திரையை நெருங்கினாள். மூக்கு அதில் இடிக்கும்போல இருந்தது. “நாந்தான் இப்ப இல்லையே. இன்னமுமா கனக்குது?”

“கனக்குதே.”

சட்டென்று அவர் கைமேல் தன் கையை வைத்தாள். “நேராக்காதீங்க.” பிறகு திரும்பி, “அத்தை, கனம் இருந்தாலும் ஆகாதா?”

சொர்ணத்தாய் போனை எடுத்தாள். வீடியோ கால் போட்டுத் திரையைப் பிரேமலதாவுக்குக் காட்டினாள்.

“மாலை போட்டாக் கோணலாத் தெரியும் பிரேமா. நீயே சொல்லு.”

“அம்மா, அது நான் தொங்குத கனம்” என்று காவியா குறுக்கே கத்தினாள்.

பிரேமலதா முகத்தைப் போனுக்கு நெருக்கிப் பார்த்தாள்.

“நேராக்க வேண்டாம் மதினி” என்றாள் பிரேமலதா. “அவிய அப்படியே இருக்கட்டும்.”

பதினாறாம் நாள் வந்தவர்களில் மூன்று பேர் சுவரில் மாட்டியிருந்த படத்தின் சட்டத்தைப் பிடித்து நிமிர்த்திவிட்டுப் போனார்கள். நான்காவதாக வேல்ராஜின் கூட்டாளி காளீஸ்வரன் நாற்காலி போட்டு ஏறினார்.

“ஆணி சரியில்லையோ? கோணலா இருக்கே.”

“படம் நேராத்தான் இருக்கு மாமா” என்றாள் காவியா. “அப்பாதான் சாய்ஞ்சிருக்காக.”

“ஏம்ட்டி?”

“நான் கனம்லா.”