நாற்பத்தொரு பரவாயில்லை

மதிப்பீட்டாளர் தன் திறமைகளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டிய படிவம் அது. பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிந்தவர்கள் நிரப்பித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்களாம். மதுமதி பதினொன்றை மளமளவென்று முடித்துவிட்டாள். நேரம் தவறாமை ஐந்து. அறிக்கை எழுதுதல் நான்கு; ஐந்து போட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஏழாவதில்தான் பேனா நின்றது. ‘கற்போர் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளும் திறன்.’ நேற்றுக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டிருப்பாள்.

அந்தத் திறமைக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்ததே. தலைநகரில் மயூர் விஹாரை ஒட்டிய குடிசைப் பகுதியில், வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு ஓர் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அதை மதிப்பிடப் போக, பிரிவுத் தலைவரை விட்டால் ஆபீசில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. விருதுநகர்க்காரி மதுமதி போனாள். தகரக் கொட்டகையில் நாற்பத்து மூன்று பெண்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். சுவரோரம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். “வகுப்பு எப்பிடி இருக்கு? படிக்க வருதா?” என்று மதுமதி ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். “பரவால்லக்கா” என்றாள் முதல் பெண். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். நாற்பத்தொரு பேர் பரவாயில்லை என்றார்கள், இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாற்பத்தொரு இடத்தில் ‘திருப்திகரம்’ என்று டிக் அடித்துவிட்டு மதுமதி பஸ் ஏறினாள். ஒருத்தியையாவது ஒரு வரி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். எல்லாம் தமிழிலேயே பேசி முடித்துவிட்டோமே என்ற பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை ஜோத்பூரிலிருந்து ரமேஷ்குமார் போன் செய்தான். அவள் புருஷன், விமானப்படையில் இருக்கிறவன்.

“வீட்ல எல்லாம் எப்பிடி இருக்கு?”

“பரவால்லங்க.”

“அப்பச் சரி” என்று வைத்துவிட்டான்.

மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. மகளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். சொன்னால் மட்டும் அங்கிருந்து என்ன கிழித்துவிடப் போகிறான், விடு, என்ற அலுப்பில் வந்த பரவாயில்லை அது. ரிசீவரும் கையுமாக நின்றவளுக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி, அவர்களும் இதையல்லவா சொன்னார்கள்! கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகத் தான் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு வார்த்தையை இன்னொருத்தி சொன்னபோது காது கேட்காமல் போயிற்றே என்று அவமானமாக இருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர் சந்திரமௌலியிடம் போனாள். கரோல்பாகிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

“சார், அந்த ரிப்போர்ட்ல தப்பு நடந்துபோச்சு. நான் திரும்ப ஒருதரம் போயி, வாசிக்கச் சொல்லிப் பாக்கணும்.”

“என்ன தப்பு? பரவாயில்லைன்னா சாட்டிஸ்ஃபாக்டரி. கரெக்டாத்தானே போட்டிருக்கேள்?”

“இல்ல சார். போகட்டும் விடுன்னு சொல்லிருக்காக. அந்த டீச்சர் பொண்ணு பக்கத்துலயே நிக்குது. படிப்பு ஏறலன்னு சொன்னா அது பொழப்பு போயிருமேன்னு...”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அச்சா, நான் சொல்றதக் கேளும்மா. அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்தும் இருக்கு. மேல போயாச்சு. இப்போ ஏழாவதுல நீங்க ரெண்டு போட்டா, எனக்குக் கேக்கத் தெரியலைன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அப்பறம் யார் உங்களை நிரந்தரம் பண்ணுவா? நாலு போட்டு ஜல்தி குடுங்கோ.”

“வகுப்ப மூடிருவாகளே சார்.”

“மூடட்டுமே. இவா கத்துண்டாச்சுன்னா வேற எடத்துல தொறப்பா. நல்லதுதானே?”

கெட்ட மனுஷனும் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றதும் இரண்டு நாள் லீவு எடுத்துக்கோங்கோ என்று தானாகச் சொன்னவர்தான். அதனாலேயே அவரை மனசுக்குள் திட்டவும் மதுமதியால் முடியவில்லை. இடத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டாம் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள், எடுத்தாள். இந்த வேலைக்காக எத்தனை இன்டர்வியூ, எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியாயிற்று. நான்குதான் போட்டாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போட்டாள்.

மூன்று வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் குடியிருப்பின் கேட்டருகே காய்கறி வண்டியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ முழங்கையைத் தொட்டார்கள்.

“அக்கா, அன்னிக்கு கிளாசுக்கு வந்தீங்கள்ல? நான் ராஜி. இங்க பி பிளாக்லதான் பாத்திரம் தேய்க்கிறேன்.”

மதுமதி வெண்டைக்காயை வண்டியிலேயே போட்டாள். ராஜி இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “கிளாஸ்ல பூட்டு தொங்குதுக்கா. கதவுல இத ஒட்டிட்டுப் போயிருக்காங்க. எங்க ஒருத்திக்கும் படிக்க வரல. அதான் பிச்சிக்கினு வந்தேன். பந்த் பண்ணிட்டாங்களா?”

மதுமதி வாசித்தாள். “‘இம்மையத்தில் பயின்ற அனைவரும் எழுதவும் படிக்கவும் திருப்திகரமாகத் தேர்ச்சி பெற்றுவிட்டதால் வகுப்பு இத்துடன் நிறைவடைகிறது.’”

“யாரு, நாங்களா?” ராஜி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “எவக்கா சொன்னது?”

தாளின் அடிப்பகுதி கிழிந்து, ‘மதிப்பீட்டாளர்’ என்ற சொல் கதவோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் அச்சாகியிருந்த பெயர் மட்டும் முழுசாக வந்திருந்தது: மதுமதி.

ராஜி சோப்புத் தண்ணீரில் ஊறிய விரலைச் சரியாக அதன்மேல் வைத்தாள். “இங்க தனியா என்னாவோ எழுதியிருக்கே, இது என்னாக்கா?”

“அதுவா? ‘நன்றி’ன்னு போட்டிருக்கு.”

ராஜி தலையாட்டினாள். தாளைத் திரும்ப வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கு ஒன்றாக விரலை நகர்த்தி, “ந... ன்... றி” என்று சொல்லிப் பார்த்தாள். விரலுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஓர் எழுத்து மிச்சமிருந்தது. அவள் நிமிர்ந்து மதுமதியைப் பார்த்தாள்.