சுரேந்திரன் செய்த கார்

பேர் ஆசை இருக்கிறதே, அது ஒரு பாழாய்ப்போன ஆசை. சுரேந்திரனை அது எப்போது பிடித்ததோ, யாருக்குத் தெரியும்! பெல்மதுளை டவுனில் ஜஸீல் நானாவின் கராஜில் அவன் உயிரைக் கொடுத்து வேலை செய்த காலமெல்லாம், அவன் கைபட்ட எஞ்சின்கள் "ஜஸீல் நானா செஞ்சது" என்றுதான் ஊர் சுற்றின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில், தேயிலைத் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் தகரம் அடித்து, சொந்தமாக ஒரு கராஜ் போட்டான்.

அங்கேதான் றிஸாத் தன் பழைய ரேஸ் காரை, ஓர் எஸ்கோர்ட்டை, கொண்டுவந்து நிறுத்தினான். மாணிக்கக்கல் வியாபாரி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சுரேந்திரனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன்.

"மச்சான், இந்தக் கார்புரேட்டரக் கழட்டி வீசு. நாலு சிலிண்டருக்கும் தனித்தனி திராட்டில் போடு. வேல முடிஞ்சா ஒன்ட பேரப் போட்டுத்தான் ஊருக்குக் காட்டுவன். சத்தியமா."

பேரைப் போடுவானாம்! அதற்கப்புறம் சுரேந்திரனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

தனித்தனி திராட்டில் என்றால் சும்மாவா? சாதாரண எஞ்சினுக்குக் காற்று இழுக்க ஒரு வாய் போதும். இதற்கு நாலு வாய். நாலும் ஒரே அளவு இழுக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் கூடினாலும் எஞ்சின் நொண்டும். ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, அந்த 'உஸ்' சத்தம் நாலிலும் ஒன்றாகும்வரை ஸ்குரூவைக் கடுகளவு கடுகளவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். ஓட்டிப் பார்த்து, லெப்டொப்பில் பெட்ரோல் அளவைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தான். நாலும் ஒத்து வந்த அன்றைக்கு எஞ்சின் போட்ட முழக்கத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. காரில் பிரேக் லேசாக மிதிபடுவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தால்தான். வாய் நாலாகிப் போனால் அந்தப் பலமும் நாலாகப் பிரிந்துவிடும். ஆகவே நாலு வாயிலிருந்தும் சின்னக் குழாய் எடுத்து, ஒரு டப்பாவில் சேர்த்து, அங்கிருந்து பிரேக்குக்குக் கொடுத்திருந்தான். பார்க்க அழகில்லை. ஆனால் பிரேக் பிடித்தது.

ஓட்டிப் பார்ப்பதெல்லாம் தோட்டத்து ரோட்டில்தான். மேலே துரை பங்களா வரை ஏறி, திருப்பி இறங்குவான். கொழுந்து நிறுக்கும் மடுவத்து வளைவில், சத்தம் கேட்டதுமே புஷ்பம் சித்தி கொழுந்துச் சாக்கோடு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டுவாள். அவன் நிறுத்துவான்.

"ஏன்டா, ஒன் வண்டி போடுற கூச்சல் லயத்து வீடுக வரைக்கும் கேக்குதுடா! வெக்கமா இல்ல?" என்று ஏசிக்கொண்டே, முகமெல்லாம் பெருமையாக ஏறி உட்காருவாள். அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்தான்.

வேலை முடிந்த அன்று றிஸாத் ஒரு போட்டோக்காரனைக் கூட்டிவந்தான். பொனட்டைத் திறந்ததும் முகம் சுளித்தான்.

"இதென்ன மச்சான், குப்ப மாதிரி ஈக்கி? கழட்டு."

"அது பிரேக்குக்கு உள்ளதுடா."

"போட்டோவுக்கு மட்டுந்தானே. பொறகு போடு."

கழற்றினான். வாய்களில் ரப்பர் மூடி போட்டான், பிரேக் குழாயையும் அடைத்தான். சும்மா சொல்லக்கூடாது, டப்பா போனதும் எஞ்சின் மாணிக்கக் கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி மினுங்கியது. பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். றிஸாத் படத்தை அங்கேயே பேஸ்புக்கில் போட்டான்: 'சுரேந்திரன் செய்த கார்.' சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், படுபாவி!

சுரேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் படத்தைப் பகிர்ந்தார்கள்.

"மேல பங்களாவுக்கு வாப்பா வந்தீக்கார் மச்சான். காட்டிட்டு வாறன்," என்று றிஸாத் ஏறி உட்கார்ந்தான்.

'டப்பாவப் போட்டுட்டுப் போடா' என்பது சுரேந்திரனின் வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஜஸீல் நானா படத்தின் கீழே எழுதினார்: 'மாஷா அல்லாஹ், கெட்டிக்காரன்.' ஜஸீல் நானாவே! அதை ஒருதரம் வாசித்தான். இன்னொருதரம் வாசித்தான்.

"பாத்துப் போடா," என்றான், போனிலிருந்து தலை நிமிராமல்.

ஏற்றத்தில் பிரேக் எதற்கு? ஆனால் ஏறினவன் இறங்கத்தானே வேண்டும்! அதை நினைக்கச் சுரேந்திரனுக்கு அப்போது நேரமில்லை.

அடைத்த குழாயில் மிஞ்சியிருந்த பலம் இறக்கத்தின் முதல் வளைவுகளுக்குப் போதுமாக இருந்தது. மடுவத்து வளைவுக்கு வந்தபோது பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. அங்கே ரோட்டில் நின்றது புஷ்பம் சித்தி.

றிஸாத்துக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். "பாஸ் தமா கெலெவ்வே," என்று பொலிஸிடம் சிங்களத்தில் சொன்னான், மெக்கானிக்தான் கழற்றினான் என்று. பொய்யா? பொய்யில்லையே. கழற்றச் சொன்ன வாய் எது என்பதை மட்டும் விழுங்கிவிட்டான். ஒரே வாங்கில் உட்கார்ந்தவன்! சுரேந்திரன் கத்தினான், சத்தியம் பண்ணினான். சார்ஜன்ட் தன் போனை நீட்டினார். படத்தில் டப்பா இல்லை. பக்கத்திலேயே அவன் சிரிப்பு, கீழே அவன் பேர்.

சித்தியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பலாங்கொடை ஆஸ்பத்திரி வாசலில் லயத்து ஆட்கள் அவனை மறித்துக்கொண்டு நின்றார்கள். சித்திதான் அவனை உள்ளே விடச் சொல்லி அனுப்பினாள். றிஸாத் செய்த துரோகம், டப்பா, போட்டோ, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் கட்டிலடிக்குப் போனான்.

"ஒன் வண்டிச் சத்தம் கேட்டுச்சுடா," என்றாள். குரலில் மயக்கம் இன்னும் தெளியவில்லை. "எல்லாரும் ஓடுனாளுக. நாந்தான், நம்ம சுரேன் வர்றான், எனக்கு நிப்பாட்டுவான்னு, கையக் காட்டிக்கிட்டு அங்கனயே நின்னேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"ஏன்டா நிப்பாட்டல?"