ஆணையர் தொடப்போகும் கதவு

1

இந்தக் கதை என் குளியலறைக் கதவிலிருந்து வந்தது. மழைக்கு ஊதி, மூடமாட்டேன் என்று அடம்பிடித்த கதவை இழைக்க ஒரு தச்சர் வந்தார். இழைத்துக்கொண்டே தன் அக்காவின் வழக்கைச் சொன்னார். கதை பாதியில் நிற்கும்போது கதவு சரியாகிவிட்டது. கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதியை நான்தான் ஒப்பேற்ற வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட காலையில் வானம்—"

வேண்டாம். வானத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "ஒரு பெண் கதவுகளுக்கு நடுவே வசித்தாள்." இது தேவலை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

அவள் கதவுப் பட்டறை நடத்துகிறவள். ஆர்டர் பிடிப்பது அக்கா, அறுப்பதும் இழைப்பதும் தம்பி. புதிதாக எழும்பிய ஒரு ஹோட்டல் எல்லா அறைகளுக்கும் கதவு கேட்டது. ஒப்பந்தத்தில் இருந்த அளவுக்கே செய்து கொண்டுபோய் இறக்கினார்கள். ஒன்றுகூட நிலைக்குள் நுழையவில்லை. ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அகலம் கூடுதல். கதவு தப்பு என்றார் ஹோட்டல்காரர். நிலைதான் தப்பு என்றாள் அக்கா. இழைத்துக் கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவள் மறுக்க, கதவுகள் வந்த லாரியிலேயே திரும்பின. அவள் வழக்குப் போட்டாள்.

தீர்ப்பு வரும்வரை கதவுகள் சாட்சி என்று கோர்ட்டு சொன்னது. விற்கக்கூடாது, இழைக்கக்கூடாது.

3

(இடையில் ஒரு வார்த்தை. வழக்குச் செலவு என்றால் வக்கீல் ஃபீஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த வழக்கு தின்றது இடத்தை.)

பட்டறை முழுக்கக் கதவுகள் அணைத்துக்கொண்டு நின்றன. அறுக்கும் மெஷினுக்குப் போக வழியில்லை. புது ஆர்டர் கொண்டுவந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். தம்பி வீடு வீடாகப் போய்ச் சில்லறை வேலை பார்த்தான். அக்கா கோர்ட்டுக்குப் போய் வாய்தாவோடு திரும்பினாள்.

பகலெல்லாம் கதவுகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தவள், தூக்கத்திலும் ஒருக்களித்தே கிடந்தாள். கனவில் கதவுகள் நிலை இல்லாமல் தண்ணீரில் நின்றன. ஒன்றைத் திறந்தால் உள்ளே இளம் வெளிச்சமும் இன்னொரு கதவும். அதையும் திறந்தால் கோர்ட்டு வராந்தா. அங்கே பெஞ்சில் அவளே உட்கார்ந்திருந்தாள், தலை முழுக்க நரைத்து. தன்னைப் பார்த்து அவளே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

(இந்தக் கனவைத் தச்சர் சொல்லவில்லை. என்னுடையதாக இருக்கலாம். அவளுக்கே கொடுத்துவிட்டேன்.)

4

தம்பி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதலில் எழுதியபோது சரியான வெகுளியாக வந்து நின்றான். அடித்துவிட்டேன். அவன் வெகுளி இல்லை, கை சும்மா இருக்காதவன், அவ்வளவுதான்.

கதவை அளந்து பார்க்கக் கோர்ட்டு அனுப்பும் ஆணையர் ஒரு நாள் காலை வருவதாக இருந்தது. அவர் ஏதாவது ஒரு கதவைத் தொடுவார், அதை அளப்பார், அந்த அளவே எல்லாவற்றுக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டபோதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒரு கதவ இழைச்சுட்டேன்."

"எதுக்குடா?"

"எவ்வளவு இழைச்சா அந்த நிலைக்குள்ள போகும்னு பாக்கத் தோணுச்சு. ஒரு கைப்பிடி சுருள்தான்க்கா வந்துச்சு. இதுக்கா இத்தனை வருஷம்னு ஆயிடுச்சு."

எந்தக் கதவு என்று கேட்டாள். அவனுக்கே தெரியவில்லை. வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவன். இழைத்த ஓரத்துக்குப் பாலிஷும் போட்டு வரிசையில் நிறுத்திவிட்டான். டேப் வைத்தால்தான் கண்டுபிடிக்கலாம். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? சொன்னால் சாட்சியைக் கலைத்தவள் ஆவாள். வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

5

முடிவு ஒன்று: ஆணையர் இழைக்காத கதவைத் தொடுகிறார். அளவு சரி. அக்கா ஜெயிக்கிறாள். ஹோட்டல் மேல்முறையீட்டுக்குப் போகிறது. கதவுகள் அங்கேயே நிற்கின்றன.

முடிவு இரண்டு: இழைத்ததையே தொடுகிறார். ஒப்பந்த அளவுக்கு ஒரு நூல் குறைவு. தோற்கிறாள். கதவுகள் கிடைத்த விலைக்குப் போகின்றன, மெஷின் ஓடுகிறது, பட்டறையில் கை வீசி நடக்கிறாள். ஆனால் அளவு தெரியாத கதவுக்காரி என்ற பேர் கடைசிவரை கூடவே வருகிறது. அவள் ஒரு நாளும் அளவு தப்பியதில்லை. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முடிவு மூன்று: ஹோட்டல்காரர் மனம் மாறி—

இல்லை.

(என் வீட்டுக்குத் தச்சர் வந்தது இதில் எந்த முடிவுக்குப் பிறகு என்று கேட்கத் தவறிவிட்டேன்.)

ஆணையர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன்மையான மனிதர். எதை அளக்கலாம் என்று அவளையே கேட்டார்.

"நீங்களே தொடுங்க சார்" என்றாள் அக்கா.

அவர் கையை நீட்டினார். அந்தக் கையை இங்கே உங்களிடம் விடுகிறேன். எந்தக் கதவையும் தொடலாம், எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. தொடும்போது அக்காவின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள். எந்தக் கதவு வர வேண்டுமென்று வேண்டுகிறாள் எனத் தம்பியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.