அண்ணன் கட்டிய பை

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். பட்டறைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினான். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூளைப் போட்டுக் கூட்டினான். கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, காற்று ஏறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி இறந்துபோனதிலிருந்து இதுதான் காலை.

கல்லாவில் அவள்தான் உட்காருவாள். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டு வாடிக்கையாளர் கையிலேயே கொடுப்பது அவள் கொண்டுவந்த வழக்கம். "மாத்தினோம்னு வாயால சொன்னா யார் நம்புவா?" என்பாள். அந்தப் பைக்காகவே ஊரின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து பையைக் கட்டுவது அவளுடைய அண்ணன். வேலையில் புலி; வாயில் அதைவிடப் பெரிய புலி.

பிரேக் மாற்ற விட்டிருந்த காரை எடுக்கப் பாட்டு டீச்சர் வந்தார்.

"வாங்க டீச்சர். இனிமே லேசா மிதிச்சாப் போதும். உங்க பசங்க மாதிரி கப்புனு அடங்கிடும்," என்றான் மச்சான்.

"என் பசங்க எங்கப்பா அடங்குது?" சிரித்துக்கொண்டே பையைப் பிரித்தார். தேய்ந்து தகடாகிப்போன பிரேக் பேடு. "ஐயோ, இதை வெச்சுக்கிட்டா ஓட்டினேன்? வீட்டம்மா இல்லேன்னாலும் கடை மாறலப்பா."

அவன் எட்டிப் பார்த்தான். உள்ளங்கையைவிட அகலம். வேனில் போடுகிற பேடு அது. டீச்சரின் குட்டிக் காருக்குள் நுழையவே நுழையாது.

மச்சான் கண்ணைக் காட்டினான். "டீச்சருக்கு நேரமாச்சு மாப்ள. சாவியக் குடு."

சாவி அவன் கையில்தான் இருந்தது. கொடுத்துவிட்டால் கடையின் பெயர் தப்பும். அவள் பக்கத்து உறவென்று மிஞ்சியிருக்கிற ஒரே ஆளும் தப்புவான். ஆனால் டீச்சர் வீடு மேட்டில் இருந்தது. தினமும் அந்தச் சரிவில் இறங்கித்தான் வர வேண்டும்.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர்."

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பழைய பேடு அப்படியே இருந்தது, காகிதமாகத் தேய்ந்து.

"மாத்தல டீச்சர். பையில இருக்கறது உங்க வண்டியோடது இல்ல. இப்பவே நானே மாத்தித் தரேன்."

கை சுட்டதுபோல டீச்சர் பையை மேசைமேல் வைத்தார். "அப்போ போன தடவ குடுத்த பை?"

"தெரியல டீச்சர்."

"வேணாம்ப்பா. வேற இடத்துலருந்து ஆள் வந்து வண்டிய இழுத்துட்டுப் போவாங்க. நான் நடந்தே போறேன்."

அவர் தலை மறைந்ததும் மச்சான் ஸ்பேனரை விட்டெறிந்தான். "என் தங்கச்சி இருந்திருந்தா இப்படிக் காட்டிக் குடுத்திருப்பாளா? 'எங்கண்ணனை விட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தானேடா கண்ண மூடினா!"

அப்படி அவள் சொல்லவே இல்லை. அன்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்கச் சகிக்காமல் அவனே சொல்லிவைத்தது அது. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது வேறு. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நெற்றியைத் துடைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு பையைக்கூட அவன் திறந்து பார்த்ததில்லை.

"அண்ணன் கட்டுற பைய நீங்க ஒருவாட்டி பிரிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."