பதினேழாம் எண்

எனக்குக் கோபம் வந்தால் குரல் போய்விடும். கண்ணில் தண்ணீர் முட்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் எனக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி.

முனைவர் பட்டம் முடித்து இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. எச்.ஐ.வி.யோடு பிறந்து, மருந்தால் தேறிவரும் எழுபது குழந்தைகள். அவர்கள் ரத்தத்தில் தட்டம்மைத் தடுப்பூசியின் பலன் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ரத்த மாதிரி வரும் கண்ணாடிக் குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு கீழ்த்தளத்தில் நர்ஸ் அக்காவின் அலமாரியில் இருக்கும். எனக்குப் பெயர் தெரியக் கூடாது. அக்காவுக்கு முடிவு தெரியக் கூடாது.

இருபத்துமூன்று குழந்தைகளுக்குப் பாதுகாப்பு துளியும் இல்லை. மருந்து தொடங்குமுன், உடம்பு துவண்டு கிடந்தபோது போட்ட ஊசி அது. நிற்கவில்லை. இப்போது மறுபடி போட்டால் பிடித்துக்கொள்ளும். மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் பேராசிரியரிடம் போனேன்.

"பிரமாதம்மா! ஆறு மாசம் கழிச்சு இதே பிள்ளைங்ககிட்ட திரும்ப ரத்தம் எடுப்போம். பெரிய பத்திரிகையிலயே வரும்."

"அதுவரைக்கும் ஊசி, சார்?"

"இப்பப் போட்டா ஆய்வு கெட்டுடுமே."

"ஊருக்குள்ள அம்மை வந்திருக்கு, சார்."

"எங்க இல்ல அம்மை? நீ கிணத்தை வெட்டு. பூதம் வந்தா நான் பாத்துக்கறேன்." சிரித்தார்.

சரி சார் என்றேன். அந்தச் 'சரி'க்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த கூட்டம் ஏழு வாரம் கழித்து என்று பதில் வந்தது. இதற்குள் முடிவு தெரிந்து பதினோரு நாள் போயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை அந்த இருபத்துமூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"என்னடி, மூக்கெல்லாம் செவந்திருக்கு?" என்றார் அக்கா. தாளைப் பார்த்தார். "இது என்ன, லாட்டரி நம்பரா?"

"இந்தப் பிள்ளைங்களுக்கு அம்மை ஊசி நிக்கலைக்கா."

அக்காவின் சிரிப்பு நின்றது. "இதை நீ என்கிட்ட காட்டக் கூடாது."

"தெரியும்."

"நான் அலமாரியைத் திறக்கக் கூடாது. ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும்க்கா."

"அப்ப வாயைத் திறந்து சொல்லு. என்ன வேணும்?"

"அவங்க அம்மாக்களைக் கூப்பிடணும். இன்னைக்கே."

குரல் போகவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பதிவேட்டில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக இறங்கினார். நான்கு. ஒன்பது. பதினேழில் விரல் நின்றுவிட்டது.

"இந்தக் குட்டி முந்தாநாள் காய்ச்சலோட வந்துச்சு. அம்மையா இருக்குமோன்னு அவங்கம்மா கேட்டா. கார்டைப் பாத்தேன், ரெண்டு ஊசியும் போட்டிருந்துச்சு. வாய்ப்பே இல்லம்மான்னு நான்தான் அனுப்பிவச்சேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், பிறகு வைத்தார்.

"விடியக்காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. உடம்பு பூரா தடிப்பு. மூச்சுக்கு ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம்."

பதினோரு நாளாக எனக்குத் தெரிந்திருந்தது. மேலே எனக்கு, கீழே அக்காவுக்கு, ஆளுக்குப் பாதி. நடுவில் இருபது படிகள்.

"அழுதது போதும்," என்றார் அக்கா. "மீதி நம்பரை வாசி. குழந்தை டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

மதியத்துக்குள் இருபத்திரண்டு வீடுகளுக்கும் சொல்லியாகிவிட்டது. நான் மேலே போனேன். பேராசிரியர் அறையில் வெளியாட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"இருபத்திரண்டு பேருக்கு ஊசி போடப் போறாங்க, சார். நான்தான் சொன்னேன்."

"என்ன பேசற நீ? வெளிய இரும்மா."

"பதினேழாம் எண் ஆக்சிஜன்ல இருக்கு. அதோட ரத்தத்தை இனி எப்ப எடுக்கலாம்னு நீங்களே போய் அவங்கம்மாவைக் கேளுங்க."

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.