ஹெட் ஆபீஸ் அழைப்பு

அப்பாவின் போனில் கேபிளைச் செருகி மடிக்கணினியோடு இணைத்துவிட்டு, மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கூடத்தில் மூலைக்கொருவராகச் சாய்ந்து கிடந்தார்கள். அவருடைய பனியன் இன்னும் கொடியிலேயே தொங்கியது.

லிப்ட் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவர். எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மிக்ஸி கொஞ்சம் முனகினால் போதும், ஸ்குரூடிரைவரோடு வந்து நிற்பார். கடைசியாக அவர் கையில் மாட்டியது இந்தப் போன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், அப்டேட் பாதியில் ஓடும்போதே பொறுமையில்லாமல் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார். அதோடு போன் வெறும் செங்கல்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரியாயிடுமாடி? நீ சர்வீஸ் கடையில இதைத்தானே பண்றே?"

"பண்ணலாம்மா. பூட்லோடர்னு ஒரு பூட்டு. அதைத் திறந்தாத்தான் சாப்ட்வேரைத் திரும்ப ஏத்த முடியும். ஆனா திறந்தா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும். போட்டோ, அப்பா பாடிப் பதிஞ்சது, எல்லாம். உன் நம்பருக்கு ஹெட் ஆபீஸ்னு பேர் போட்டிருந்தாரே, அதுகூட."

"பெல் அடிக்குமா?"

"அடிக்கும். சிம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப திற."

மகளுக்குச் சுருக்கென்றது. அந்தக் குரலுக்காக அவள் எதையும் கொடுப்பாள். ஆனால் அம்மாவும் அப்பாவும் போனில் பேசி அவள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் அம்மா கூப்பிடுவாள். இரண்டாவது பெல்லில் அவர் கட் பண்ணுவார். தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மா டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

பூட்டைத் திறக்கும் அனுமதியை அப்பாவே எப்போதோ போட்டு வைத்திருந்தார், நோண்டுவதற்குத் தோதாக. எல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. மகள் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு அழுத்தினாள்.

சாப்ட்வேர் ஏறி முடிந்தது. போன் விழித்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

அம்மா தன் போனை எடுத்துக் கூப்பிட்டாள். அப்பாவின் திரையில் பெயரில்லாமல் வெறும் நம்பர் வந்தது.

ஒரு பெல். இரண்டாவது பெல்.

அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.